மாபுங்குப்வே குன்றைக் காணச் செல்வோருக்கு

தென்னாப்பிரிக்காவின் வடகோடியில், லிம்போப்போ ஆறும் ஷாஷே ஆறும் கூடும் இடத்துக்கு அருகே, நான்கு பக்கமும் செங்குத்தாக நிற்கும் ஒரு மணற்பாறைக் குன்று இருக்கிறது. 30 மீட்டர் உயரமும் 300 மீட்டர் நீளமும் கொண்ட அதன் தட்டையான உச்சியில், ஏறத்தாழ கி.பி. 1220 முதல் 1290 வரை அரசர்கள் வாழ்ந்தார்கள். அடிவாரத்தில் 5,000 பேர் அளவில் மக்கள் குடியிருந்தார்கள் என்று தொல்லியலாளர்கள் கணிக்கிறார்கள். அதன் பிறகு ஊர் கலைந்தது. அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குன்று அதன் கதையை அறிந்த சுற்றுவட்டார மக்களின் நினைவில் மட்டுமே இருந்தது. அதை நேராகப் பார்ப்பதும், அதை நோக்கி விரல் நீட்டுவதும் தகாத செயல்கள் என்று அவர்கள் கருதினார்கள். இருபதாம் நூற்றாண்டில் அது வெளியுலகுக்குத் தெரிய வந்த பின்பும், ஒரு பெரும் பகுதிக் காலம் இராணுவ வேலிக்குள் கிடந்தது.

டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் லெனேசியாவிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பள்ளி விடுமுறை வந்தால் குரூகர் பூங்காவுக்கோ டிராக்கன்ஸ்பர்க் மலைக்கோ கிளம்புவது வழக்கம். மாபுங்குப்வே என்றால், ஒரு குன்றைப் பார்க்கவா அத்தனை தொலைவு போவது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆயத்தம் இல்லாமல் போனால் அங்கே தெரிவது ஒரு குன்றும் சில பெருக்க மரங்களும்தான். கற்கோட்டையோ கோபுரமோ அங்கே கிடையாது. தோண்டி எடுத்த பொன் பொருள்களும் அங்கே இல்லை. ஆகவே இந்த இடத்தைப் பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது, அந்த வரிசையில் பார்த்தால்தான் குன்று பேசும் என்பது என் கருத்து. கீழே உள்ளவை அந்த வரிசைப்படியே அமைந்திருக்கின்றன.

முதலில் பிரிட்டோரியா

பயணத்தைக் குன்றில் தொடங்க வேண்டாம்; பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் தொடங்குங்கள். குன்றின் உச்சியில் இருந்த கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்ட பொன் பொருள்கள் 1930களிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலேயே இருக்கின்றன. அவற்றுள் பெயர் பெற்றது பொன் காண்டாமிருகம். மரத்தில் செதுக்கிய உருவத்தின் மேல் மெல்லிய பொன் தகட்டைப் போர்த்தி, ஊசிமுனை போன்ற பொன் ஆணிகளால் அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே இருந்த மரம் மட்கிப் போய்விட்டது. தகடு மட்டும் மிஞ்சியது. உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய அளவுதான். செங்கோல் என்று கருதப்படும் ஒரு தடியின் பொன் உறையும், ஒரு கிண்ணமும், ஆயிரக்கணக்கான பொன் மணிகளும் அதனுடன் கிடைத்தன. நாட்டின் மிக உயர்ந்த விருதுக்கு 2002இல் மாபுங்குப்வே விருது என்று பெயர் சூட்டியதும், முதல் விருதை நெல்சன் மண்டேலாவுக்கு அளித்ததும் இந்தப் பொருள்களின் மதிப்பைக் காட்டுகின்றன.

அந்தக் காண்டாமிருகத்துக்கு ஒற்றைக் கொம்புதான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆப்பிரிக்கக் காண்டாமிருகங்களுக்கு இரண்டு கொம்புகள் உண்டு. ஒற்றைக் கொம்பு இந்தியக் காண்டாமிருகத்துக்கு உரியது. இதை வைத்து இந்தியத் தொடர்பு பேசுவோர் உண்டு. ஆனால் உடைந்து நொறுங்கிய நிலையில் கிடைத்த ஒரு தகட்டு உருவத்தின் மேல் அவ்வளவு பெரிய முடிவை ஏற்றுவது முறையாகாது. இந்தியத் தொடர்புக்கு இதைவிட உறுதியான சான்று வேறு இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

பொருள்கள் எந்தக் கட்டடத்தில், எந்த நாள்களில் காட்சிக்கு வைக்கப்படுகின்றன என்பது மாறக்கூடியது. வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு அனுப்பப்படுவதும் உண்டு. 2016ஆம் ஆண்டின் இறுதியில் காண்டாமிருகம் இலண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்தது. ஆகையால் கிளம்புவதற்கு முன்பே பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைத் தொடர்புகொண்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அன்றைக்கே நேரம் மிஞ்சினால் மராபாஸ்டாட்டில் உள்ள மாரியம்மன் கோயிலுக்கும் போய்விட்டு வரலாம்.

இராணுவ வேலிக்குள் இருந்த குன்று

குன்று இருக்கும் பண்ணையின் பெயர் கிரீஃப்ஸ்வால்ட். 1932ஆம் ஆண்டின் கடைசி நாளில், பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு மாணவர் தம் தந்தையோடும் வேறு சிலரோடும் இங்கே வந்து, தயங்கித் தயங்கி வழிகாட்டிய ஓர் உள்ளூர்க்காரரின் உதவியால் பாறைப் பிளவின் வழியே மேலே ஏறினார். மழையில் கரைந்த மண்ணில் பொன் மணிகள் தென்பட்டன. கிடைத்ததை அவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டாலும், அந்த மாணவர் தம் பேராசிரியர் லியோ ஃபூஷேயிடம் செய்தியைச் சொன்னார். 1933இல் ஆய்வு தொடங்கியது. 1940 வரை இடைவெளிகளோடு நடந்தது.

இதன் பிறகு வந்தது நெடிய மௌனம். கறுப்பின மக்கள் தென்னாப்பிரிக்காவுக்குள் வந்ததும் வெள்ளையர் வந்ததும் ஏறக்குறைய ஒரே காலம் என்று நிறவெறி ஆட்சியின் பாடநூல்கள் கற்பித்தன. பொன் உருக்கி, கடல் கடந்து வணிகம் செய்து, அரசனைக் குன்றின் மேலும் குடிமக்களைக் கீழும் வைத்து ஆண்ட ஒரு சமூகம் 13ஆம் நூற்றாண்டிலேயே இங்கே இருந்தது என்பது அந்தப் பாடத்தைப் பொய்யாக்கியது. கிடைத்த எலும்புகளை அளந்து, இவர்கள் கறுப்பின மக்களே அல்லர் என்று வாதிட்ட அறிஞர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். மர்மம் என்று இன்று சுற்றுலா விளம்பரங்கள் சொல்வதில் பாதி, இப்படி மனிதர்களால் உண்டாக்கப்பட்டது.

மறுபாதிக்குக் காரணம் எல்லை. அந்தப் பக்கம் ரொடீசியாவில் விடுதலைப் போர் நடந்தது. 1980இல் அது ஜிம்பாப்வே ஆனதும், லிம்போப்போ ஆறு நிறவெறி அரசின் போர் எல்லையாகவே மாறியது. கிரீஃப்ஸ்வால்ட் பண்ணையை அதற்கு முன்பே இராணுவம் எடுத்துக்கொண்டிருந்தது. 1970களில் அங்கே ஒரு முகாம் அமைத்து, போதைப்பொருள் பயன்படுத்திய இளம் படைவீரர்களைத் திருத்துவதாகச் சொல்லிக் கடுமையாக வதைத்தார்கள். ஆற்றின் கரையோரமாக மின்வேலி போடப்பட்டது. எல்லையோரப் பண்ணைகளை விட்டு வெள்ளையர் குடும்பங்கள் வெளியேறத் தொடங்கியபோது, அங்கேயே தங்கியிருக்க அரசு பண உதவி செய்தது. 1985ஆம் ஆண்டின் இறுதியில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் ஆயுதப் பிரிவினர் எல்லையோர நகரான முசினாவைச் சுற்றியுள்ள பண்ணைச் சாலைகளில் கண்ணிவெடிகளைப் புதைத்தார்கள். அந்த டிசம்பரில் ஒரு வெடியில் குழந்தைகள் உட்பட ஆறு பேர் உயிரிழந்தனர். பின்னாளில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இந்த நிகழ்வுகளை விசாரித்தது.

இதையெல்லாம் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தச் சாலைகள் வழியாகத்தான் நீங்கள் போகப் போகிறீர்கள். இன்று அவற்றில் கண்ணிவெடி அச்சம் இல்லை. அது பல பத்தாண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன கதை. ஆனாலும் நீண்ட காலம் படை தங்கிய நிலம் என்பதால், புதரில் துருப்பிடித்த உலோகப் பொருள் எதையாவது கண்டால் கையால் தொடாமல், குன்றைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவின் காவலரிடம் சொல்லிவிடுவதே முறை. எல்லையில் இன்றும் படைவீரர்கள் ரோந்து வருகிறார்கள். வழியில் நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கு அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்க வேண்டும். அவர்களையும் அவர்களுடைய வண்டிகளையும் படம் எடுக்க வேண்டாம்.

வழியும் வண்டியும்

டர்பனிலிருந்து கிளம்புவோர் ஜோகன்னஸ்பர்க் வழியாக ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் போக வேண்டும். ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்று நினைப்பது வீண் வீரம். ஜோகன்னஸ்பர்க்கிலோ பிரிட்டோரியாவிலோ உறவினர் வீட்டில் இரவு தங்கி, அருங்காட்சியகத்தை மறுநாள் பார்த்துவிட்டு, அதற்கடுத்த நாள் அதிகாலையில் வடக்கே திரும்புவது உடம்புக்கும் நல்லது, மேலே சொன்ன வரிசைக்கும் பொருந்தும்.

என்1 நெடுஞ்சாலையில் பொலோக்வானே வரை போய், அங்கிருந்து இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒன்று, ஆர்521 சாலையில் விவோ, ஆல்டேஸ் வழியாகப் பான்ட்டிரிஃப்ட் எல்லைக் கடவைக்கு அருகே சென்று, கிழக்கே ஆர்572 சாலையில் திரும்புவது. மற்றொன்று, என்1 சாலையிலேயே முசினா வரை சென்று, அங்கிருந்து மேற்கே ஆர்572 சாலையில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் வருவது. முதல் வழியில் போக்குவரத்துக் குறைவு. இரண்டாவதில் கடைகளும் எரிபொருள் நிலையங்களும் மிகுதி, சுங்கச் சாவடிகளும் மிகுதி. போகும்போது ஒன்று, திரும்பும்போது மற்றொன்று என்று வைத்துக்கொள்ளலாம். எந்த வழியானாலும் ஆல்டேஸிலோ முசினாவிலோ எரிபொருளை முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் எரிபொருள் கிடைக்காது. இருட்டிய பிறகு இந்தச் சாலைகளில் ஓட்ட வேண்டாம். கழுதையும் மாடும் கூடு என்னும் பெரிய மானும் விளக்கொளியில் தென்படுவதற்குள் வண்டி அவற்றை நெருங்கிவிடும்.

பூங்கா இரு துண்டுகளாக இருக்கிறது. நடுவே தனியார் பண்ணைகள். குன்றும் விளக்க மையமும் ஆறுகள் கூடுமிடக் காட்சிமேடையும் கிழக்குத் துண்டில் உள்ளன. அங்கே சாதாரணக் காரில் முக்கிய இடங்களுக்குப் போய்வரலாம். ஆனால் சில தடங்கள் நான்கு சக்கர இயக்க வண்டிக்கு மட்டும் என்று குறிக்கப்பட்டிருக்கும், அந்தப் பலகைகளை மதியுங்கள். மழைக்காலத்தில் லிம்போப்போ கரை புரண்டால் பாதைகள் மூடப்படும். 2000, 2013 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்கள் இந்தப் பகுதியில் பெருஞ்சேதம் செய்தன. ஆகவே முன்பதிவு செய்யும்போதே எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கைப்பேசியைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. எல்லை அருகில் இருப்பதால் உங்கள் கைப்பேசி போட்ஸ்வானா அல்லது ஜிம்பாப்வே அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளக்கூடும். அயல்நாட்டு இணைப்பை முன்னதாகவே அணைத்துவிட்டால் மாத இறுதியில் கட்டணச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிட வேண்டியதில்லை.

எப்போது போவது, எங்கே தங்குவது

மே முதல் ஆகஸ்ட் வரையுள்ள குளிர்மாதங்களே ஏற்றவை. பகல் இதமாக இருக்கும், இரவு நன்றாகக் குளிரும், இலைகள் உதிர்ந்திருப்பதால் விலங்குகள் எளிதில் கண்ணில் படும். டிசம்பர் விடுமுறையில் போவோர் 40 பாகையைத் தாண்டும் வெயிலை எதிர்பார்க்க வேண்டும். பாறைக்கு அந்தச் சூடு ஏறினால் பிற்பகல் நடை தண்டனையாகிவிடும். இது மலேரியா உள்ள பகுதி. குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அழைத்துச் செல்பவர்கள், கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மருந்தைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.

பூங்காவைத் தேசியப் பூங்கா அமைப்பான சான்பார்க்ஸ் நடத்துகிறது. கிழக்கே லியோக்வே முகாமில் பாறைகளுக்கு நடுவே சமையல் வசதியுள்ள குடில்கள் இருக்கின்றன. குன்றைக் காண வருவோருக்கு அதுவே வசதி. மேற்கே லிம்போப்போ வனக் கூடார முகாமும், சொந்தக் கூடாரம் கொண்டுவருவோருக்கு மாஸோவ் முகாமும் உள்ளன. அங்கு தங்கினால் குன்றுக்கு வர நீண்ட தொலைவு ஓட்ட வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் உள்நாட்டவருக்குக் குறைவு, அயல்நாட்டவருக்கு அதிகம். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் விருந்தினரையும் அழைத்துச் செல்பவர்கள் இதை முன்னரே கணக்குப் பார்க்க வேண்டும். அடிக்கடி பூங்காக்களுக்குப் போகும் குடும்பமானால் வைல்டு கார்டு என்னும் ஆண்டு உறுப்பினர் அட்டை இலாபம்.

உணவைக் கையோடு கொண்டு போவதே நம்பகமானது. உள்ளே சைவ உணவு கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு புரட்டாசி விரத மாதத்தில் கிளம்புவோர் ஏமாறக்கூடும். முதல் நாளுக்குப் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய ரொட்டியும் போதும். மறுநாளுக்கு அரிசி பருப்பை எடுத்துச் சென்று குடிலிலேயே பொங்கிக்கொள்ளலாம். பபூன்களும் குரங்குகளும் சமையலறைச் சன்னலைத் திறக்கத் தெரிந்தவை. சன்னலைத் தாழிடாமல் குளிக்கப் போகாதீர்கள்.

விளக்க மையமும் குன்றும்

வாயிலுக்கு அருகே உள்ள விளக்க மையத்தைக் குன்றுக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். கட்டடக் கலைஞர் பீட்டர் ரிச் வடிவமைத்த இந்த மையம் 2009இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வு பெற்றது. இரும்புச் சட்டம் இல்லாமல், மண்ணும் சிமென்டும் கலந்து அழுத்திச் செய்த மெல்லிய ஓடுகளை அடுக்கி வளைத்த கூரைகள் அவை. வேலையில்லாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி அளித்து, ஓடுகளை அங்கேயே செய்ய வைத்தார்கள். உள்ளே உள்ள பொன் பொருள்கள் நகல்கள்தான். அசலைப் பிரிட்டோரியாவில் பார்த்து வந்தவருக்கு அது குறையாகத் தெரியாது. பானைகள், தந்தத்தில் செய்த வளைகள், எலும்பு அம்புமுனைகள், நூல் நூற்கப் பயன்பட்ட தக்களி வட்டுகள் ஆகியவற்றைப் பொறுமையாகப் பாருங்கள். பருத்தி நூற்றல் இங்கே இருந்தது என்பதற்கு அந்த வட்டுகளே சான்று.

குன்றுக்குத் தனியாகப் போக அனுமதி இல்லை. பூங்காவின் வழிகாட்டி அழைத்துச் செல்லும் மரபுச் சுற்றில் சேர்ந்துதான் போக முடியும். இடம் சிலருக்கே உண்டு என்பதால் தங்குமிடம் பதியும்போதே இதையும் பதிந்துகொள்ளுங்கள். காலைச் சுற்று, பிற்பகல் சுற்று இரண்டும் இருந்தால் தயங்காமல் காலையைக் கேளுங்கள். யானையும் சிறுத்தையும் உலவும் இடம் என்பதால் குழந்தைகள் வழிகாட்டியை முந்தி ஓடக் கூடாது. மூடிய காலணி, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் ஆகியவை கட்டாயம்.

அடிவாரத்தில் தென்புற மேட்டில் ஆய்வாளர்கள் வெட்டிய குழியின் சுவரில் மண் அடுக்குகளைக் காட்டுவார்கள். பெரும்பாலோர் இங்கே அவசரப்படுகிறார்கள். மேலே ஏற வேண்டும் என்ற ஆர்வம். நான் சொல்வது, இங்கேயே அதிக நேரம் நில்லுங்கள். சாம்பல் அடுக்கு, மெழுகிய தரை, அதன் மேல் மறுபடியும் சாம்பல், மறுபடியும் தரை என்று தலைமுறை தலைமுறையாக வீடு எரிந்ததும் மறுபடி எழுந்ததும் அந்தச் சுவரில் தெரியும். 5,000 பேர் வாழ்ந்தார்கள் என்ற எண்ணுக்கு உருவம் கிடைப்பது அங்கேதான்.

பிறகு ஏற்றம். பழங்காலத்தில் குறுகிய பாறைப் பிளவு ஒன்றே முக்கிய வழியாக இருந்தது. மரமுளைகளைச் செருகிப் படியாகப் பயன்படுத்திய குழிகள் இன்னமும் பாறையில் இருக்கின்றன. இன்று மரப்படிக்கட்டு அமைத்திருக்கிறார்கள். முட்டி வலி உள்ள தாத்தாவோ ஆயாவோ உடன் வந்தால், அவர்களை அடிவாரத்தில் விடலாமா என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேளுங்கள். காட்டில் யாரையும் தனியாக விட மாட்டார்கள் என்பதால், குழு முழுவதற்கும் அது பொருந்த வேண்டும்.

உச்சியில் வீடுகளின் வட்டத் தடங்கள் இருக்கின்றன. மேல்மண் இயற்கையாகச் சேர்ந்ததன்று. கீழிருந்து சுமந்து ஏற்றி நிரப்பியது. பாறைத் தரையில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள் தோண்டப்பட்டிருப்பதையும் காட்டுவார்கள். இப்பகுதியின் வெண்டா மக்கள் இன்றும் ஆடும் முஃபுவா விளையாட்டின் பலகை அது. நம் வீட்டுப் பல்லாங்குழியைப் போலவே குழிக்குக் குழி காய் போட்டு நகரும் ஆட்டம். எந்த நூற்றாண்டில் யார் குடைந்தது என்று கல்லைப் பார்த்துச் சொல்ல இயலாது என்றாலும், குழந்தைகள் அந்த இடத்தை மட்டும் வீடு திரும்பிய பின்பும் மறப்பதில்லை.

பொன்னோடு புதைக்கப்பட்ட மூன்று பேரின் கல்லறைகளும் உச்சியில்தான் இருந்தன. அவர்களுள் ஒருவர் அமர்ந்த நிலையில் புதைக்கப்பட்டிருந்தார். அவர்களின் எலும்புகள் பல்கலைக்கழகப் பெட்டிகளில் பல பத்தாண்டுகள் இருந்து, தங்கள் முன்னோர் என்று உரிமை கோரிய சமூகங்களின் வேண்டுகோளின்படி 2007 நவம்பரில் திருப்பிக் கொண்டுவரப்பட்டு மறு அடக்கம் செய்யப்பட்டன. ஆகவே இது காட்சியிடம் மட்டுமன்று, இறந்தோர் உறங்கும் இடமும்கூட. உரக்கப் பேசுவதையும் உச்சியில் நின்று விளையாட்டுப் படம் எடுப்பதையும் தவிர்ப்பது நல்லது. காலடியில் உடைந்த பானை ஓடோ மணியோ கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள், எடுக்காதீர்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி எடுப்பது குற்றம்.

கண்ணாடி மணிகள்

நம்மவர்களுக்கு இந்த இடத்தில் தனி ஈடுபாடு உண்டாக்குவது பொன்னைவிடக் கண்ணாடிதான். குன்றுக்குத் தென்மேற்கே கே2 என்று அழைக்கப்படும் இன்னொரு குடியிருப்பு இருக்கிறது. மாபுங்குப்வேக்கு முன்னோடியான அந்த ஊர் ஏறத்தாழ கி.பி. 1000 முதல் 1220 வரை இருந்தது. அங்கே கிடைத்த சிறு மணிகளின் கண்ணாடியை வேதியியல் முறையில் ஆராய்ந்தபோது, அது தெற்காசியாவில் உருக்கப்பட்டது என்று தெரிய வந்தது. நீண்ட கண்ணாடிக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனையை மழுக்கும் இந்த நுட்பம் நம் கீழைக்கடற்கரையில் மிகப் பழமையானது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அதன் கழிவுகளும் அரைகுறை மணிகளும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அரபிக்கடல் வணிகர் கைமாறி, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைத் துறைகளை அடைந்து, அங்கிருந்து லிம்போப்போ வழியாக மணிகள் உள்நாட்டுக்கு வந்தன. தந்தமும் பொன்னும் அதே வழியில் வெளியே போயின. கே2 மக்கள் வந்த மணிகளை அப்படியே அணிந்துகொண்டதோடு நிற்கவில்லை. பலவற்றை உருக்கி, களிமண் அச்சில் வார்த்து, பெரிய உருளை மணிகளாகத் தாங்களே மறுபடி செய்தார்கள். அந்த உருளை மணி ஒன்றை விளக்க மையத்தில் பார்த்தால் சற்று நில்லுங்கள்; தெற்காசியக் கண்ணாடியும் ஆப்பிரிக்கக் கையும் அதில் ஒன்றாக இருக்கின்றன.

இங்கே ஒரு தடுப்பும் வேண்டும். அரிக்கமேட்டின் சிறப்பான காலம் மாபுங்குப்வேக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. சோழர் கப்பல் லிம்போப்போவுக்கு வந்தது, தமிழர் வந்து இந்த அரசை நிறுவினார்கள் என்றெல்லாம் கைப்பேசிகளில் சுற்றும் செய்திகளுக்கு எந்த ஆதாரமும் இல்லை. கறுப்பின மக்கள் இதைக் கட்டியிருக்க முடியாது என்று ஒரு காலத்தில் சொன்னவர்களின் வேலையை நாமும் வேறு வேடத்தில் செய்துவிடக் கூடாது. வழிகாட்டிகளுள் பலர் இந்தச் சுற்றுவட்டார மக்களே. மணிகளைப் பற்றி அவர்களிடம் ஆர்வத்தோடு கேளுங்கள், உரிமை பேசாதீர்கள்.

ஊர் ஏன் கலைந்தது என்பதற்கு ஒரே விடை இல்லை. மழை குறைந்து வேளாண்மை நொடித்தது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த விளக்கம். வணிகம் வடக்கே கிரேட் ஜிம்பாப்வே என்னும் கற்சுவர் நகரின் பக்கம் சாய்ந்ததே காரணம் என்று கருதுவோரும் உண்டு. சுற்றின்போது வழிகாட்டி எந்த விளக்கத்தின் பக்கம் நிற்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல உரையாடல் அங்கேதான் தொடங்கும்.

ஆறுகள் கூடுமிடம், பிறகு

பிற்பகலில் காட்சிமேடைக்குப் போகலாம். எதிரே இடப்புறம் போட்ஸ்வானா, வலப்புறம் ஜிம்பாப்வே, நிற்பது தென்னாப்பிரிக்கா. குளிர்மாதங்களில் ஆறு பெரும்பாலும் மணலாகக் கிடக்கும். நடந்து கடந்துவிடலாம் என்று தோன்றும். கடப்பது சட்டப்படி எல்லை மீறல். போட்ஸ்வானாவுக்குப் போக விரும்புவோர் கடவுச்சீட்டோடு பான்ட்டிரிஃப்ட் கடவைக்குச் செல்ல வேண்டும். ஆற்றில் வெள்ளம் இருந்தால் அங்கே ஒரு கம்பிவடக் கூண்டில் ஆட்களை அக்கரை சேர்ப்பார்கள்.

இன்னும் சில நாள் கையில் இருப்போருக்கு இரண்டு தொடர்ச்சிகள் உண்டு. குரூகர் பூங்காவின் வடகோடியில், பாஃபூரிக்கு அருகே, துலமேலா என்னும் கற்சுவர் ஊர் இருக்கிறது. அது மாபுங்குப்வேக்குப் பிற்பட்ட காலத்தது, அங்கும் வழிகாட்டியோடுதான் ஏற முடியும். மற்றொன்று, முசினாவிலிருந்து பெயிட்பிரிட்ஜ் கடவையைத் தாண்டி மஸ்விங்கோவுக்கு அருகே உள்ள கிரேட் ஜிம்பாப்வே. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் முந்திய வாரங்களில் அந்தக் கடவையில் வண்டி வரிசை மணிக்கணக்கில் நிற்கும் என்பதால் அந்த நாள்களை விலக்குங்கள். வாடகை வண்டியானால் எல்லை தாண்டுவதற்கான அனுமதிக் கடிதத்தை நிறுவனத்திடம் முன்னரே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், சொந்த வண்டிக்குக் கடன் பாக்கி இருந்தால் வங்கியிடமிருந்தும் அதே போன்ற கடிதம் தேவைப்படும்.